பாக் எழுதாத ஒரு பார்

புதுச்சேரியில் கல்யாணத் திருப்பலிகளில் அடிக்கடி கேட்கிற பாட்டு, பிரெஞ்சு இசையமைப்பாளர் குனோவின் ‘ஆவே மரியா’. என் மாணவி ஒருத்திக்கு அதற்குக் கீபோர்டு வாசிக்கும் வாய்ப்பு முதன்முறையாக வந்தது. பாடப்போகிறவரிடம் குனோவின் தாள் இருந்தது. இவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டுக்குப் பின்னணியாக ஓடுவது ஜெர்மானிய மேதை பாக்கின் சி மேஜர் பிரிலூட், முன்னிசையாக வரும் ஒரு சின்ன உருப்படி. அது இவளுக்கு இரண்டு வருடமாக மனப்பாடம். பாடுகிறவரின் சுருதிக்கு டிரான்ஸ்போஸ் வைத்துவிட்டு வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். பாதிக்கு மேல் நன்றாகவே போயிற்று. ‘சாங்க்தா மரியா’ என்று குரல் உருகத் தொடங்கும் இடத்தில் இவள் ஒரு பார் (தாளில் இரண்டு குறுக்குக் கோடுகளுக்கு நடுவே வரும் ஒரு தாளக் கட்டம்) முன்னால் போய்விட்டாள், பாடகி ஒரு பார் பின்னால் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து ஒன்றுசேர்வதற்குள் பீடத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் அழாத குறையாக வந்து நின்றாள். “மாஸ்டர், நான் ஒரு நோட்கூட விடல. நீங்களே எண்ணிப் பாருங்க, முப்பத்தஞ்சு பார் சரியா இருக்கு.”

எண்ணிப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. பாடகியின் தாளையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பாக்கின் தாளில் 22ஆவது பார் முடிந்ததும் 23 வருகிறது. குனோவின் தாளில் அந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு பார் உட்கார்ந்திருக்கிறது. அவள் எதையும் விடவில்லை. பாக் எழுதாத ஒரு பார் பாடகியின் தாளில் இருந்தது.

அது எப்படி அங்கே வந்தது என்ற கதையைச் சொன்னால், அச்சடித்த இசைத் தாளை ஒரு வாத்தியக்காரர் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

பாக் இந்தப் பிரிலூட்டைத் தலையில் வைத்துத் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளாவியர்’ என்ற நூலின் சுத்தப் பிரதியில் 1722 என்று ஆண்டு போட்டிருக்கிறார். அவர் இறந்தது 1750. அவர் உயிரோடிருந்தவரை அந்த நூல் அச்சேறவே இல்லை. மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் கையால் படியெடுத்துப் படியெடுத்துத்தான் அது பிழைத்து வந்தது. அச்சுக்கு வந்தது 1801 வாக்கில். இடைப்பட்ட காலத்தில் படியெடுத்தவர்களில் ஒருவர் கிறிஸ்டியான் ஃபிரீட்ரிஷ் காட்லீப் ஷ்வென்க்கே. ஹாம்பர்க் நகரத்தில் பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் வகித்த பதவிக்கு அவருக்குப் பின் வந்தவர், நல்ல இசைஞர். அவர் பெயரோடு சேர்த்துத்தான் இந்தக் கூடுதல் பாரை இன்றைக்கும் ‘ஷ்வென்க்கே பார்’ என்கிறார்கள். அது 19ஆம் நூற்றாண்டின் அச்சுப் பதிப்புகள் பலவற்றுக்குள் நுழைந்துவிட்டது. 1853இல் குனோ அந்தப் பிரிலூட்டின் மேல் தன் மெட்டைக் கட்டியபோது, அவர் கையில் இருந்ததும் அந்தப் பார் உள்ள பாடம்தான்.

ஷ்வென்க்கே ஏன் இப்படிச் செய்தார்? இதை நம் சுரங்களில் சொன்னால் நமக்குச் சட்டென்று பிடிபடும். சி என்பதை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். 22ஆவது பாரில் இடது கையின் அடிச்சுரம் பிரதி மத்தியமம். 23ஆவது பாரில் அது சுத்த தைவதம். 24இல் பஞ்சமத்துக்கு வந்து, அங்கேயே எட்டு பார் அசையாமல் நிற்கிறது. ஆக, பாக் பஞ்சமத்தைக் கீழிருந்து ஒருமுறை தொடாமல் தொட்டு, அதைத் தாண்டி மேலே போய் நின்று, அப்புறம்தான் அதில் இறங்குகிறார். ம, த, பிறகு ப. அந்தத் தாண்டல் ஷ்வென்க்கேவின் காதுக்கு முரடாகப் பட்டிருக்க வேண்டும். மத்தியமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவே பஞ்சமத்தின் மேல் ஒரு பார் வைத்து, ம, ப, த, ப என்று படிக்கட்டு கட்டிவிட்டார். அவருடைய காலத்து இலக்கணத்துக்கு அது அழகான படிக்கட்டுதான். ஆனால் பாக் இழுத்துப் பிடித்து வைத்திருந்த பஞ்சமத்தை ஒரு பார் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரு ராகத்தை விரிக்கும் பாடகர் பஞ்சமத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் அதில் நிற்காமல் நம்மை ஏங்க வைப்பாரே, அந்த ஏக்கம் இங்கே போய்விடுகிறது. இரண்டு விதமாகவும் ஒருமுறை வாசித்துக் கேட்டால் போதும்.

இதற்குத் தமிழில் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. இடைச்செருகல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பாடபேதம், மூலபாடம், ஒப்புநோக்குதல் எல்லாம் நம்மிடம் புழங்கும் சொற்களே. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது ஊர் ஊராகப் போய்ச் சுவடி சேர்த்ததும், ஒன்றோடொன்று ஒப்பிட்டதும், வேறுபாடுகளைக் குறித்துக் காட்டியதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. அந்தச் சுவடிகளை வைத்துப் பாடம் தீர்மானிக்கிறவர்கள் செய்கிற வேலையும், பாக்கின் கைப்பிரதிகளை வைத்துப் பதிப்பாசிரியர் செய்கிற வேலையும் அடிப்படையில் ஒன்றுதான்.

அதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். சரியான பாடம் எந்தப் பிரதியிலும் இருக்கலாம், அதனால் இரண்டு பிரதிகள் சரியாக ஒத்துப்போவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே தவறு இரண்டிலும் இருந்தால்தான் துப்பு கிடைக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டும் ஒரே தாயைப் பார்த்து எழுதப்பட்டன. இப்படித் தவறுகளைப் பிடித்துக்கொண்டே பிரதிகளுக்கு வம்சாவளி போடலாம். ஷ்வென்க்கே பாரும் அப்படி ஒரு மச்சம். அது எந்தெந்தப் பதிப்பில் இருக்கிறதோ, அவையெல்லாம் பாக்கின் கைப்பிரதியிலிருந்து நேராக வந்தவை அல்ல என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

ஏட்டுச் சுவடியிலிருந்து இன்னொரு பாடமும் எனக்குக் கிடைத்தது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எழுதியவர்கள் கவனக்குறைவாக விட்டதல்ல அது. படிக்கிறவருக்கு மொழி தெரியும், யாப்பு தெரியும், எங்கே புள்ளி வைத்துப் படிக்க வேண்டும் என்று தெரியும் என்ற நம்பிக்கையில் விட்டது. பாக்கின் பிரிலூட்டும் அப்படிப்பட்ட ஏடுதான். அதில் வேகம் எழுதவில்லை. எங்கே மெதுவாக, எங்கே ஓங்கி என்று ஒரு குறியும் இல்லை. எந்த விரல் என்றும் இல்லை. பெடல் பற்றிய பேச்சே கிடையாது. அவர் வாசித்த வாத்தியங்கள் இன்றைய பியானோ அல்ல. சுரங்கள் போகிற போக்கிலேயே வாசிப்பவருக்கு மூச்சு எங்கே என்று தெரிந்துவிடும் என்று அவர் நம்பினார். அலங்காரக் குறிகளை எப்படி வாசிப்பது என்று மட்டும், 1720இல் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்காகத் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் ஒரு சின்னப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். கமகத்துக்குத் தாளில் அடையாளம் வைப்பது எவ்வளவு சிரமம் என்பது நமக்குப் புதிதல்ல. 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வைத்துப் பார்த்தார். அந்தக் குறிகளைப் படிக்கவும் கேள்விஞானம் வேண்டித்தான் இருக்கிறது.

நூறு ஆண்டு கழித்து வந்தவர்களுக்குப் பாக்கின் காலத்துப் பழக்கம் அற்றுப்போயிருந்தது. அவர்கள் புள்ளி வைக்கத் தொடங்கினார்கள். பீத்தோவனின் மாணவர் கார்ல் செர்னி 1837இல் கொண்டுவந்த பதிப்பில் வேகம், அதை எண்ணால் காட்டும் மெட்ரோனோம் அளவு, ஓங்கல் தாழ்த்தல், விரல் எண்கள் எல்லாம் இருந்தன. அந்த நூலில் பிரிலூட்டுகளோடு வரும் ஃபியூக்குகளில் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துப் போகும் உருப்படிகள்) பலவற்றைப் பீத்தோவன் வாசிக்கக் கேட்ட நினைவையும் ஆதாரமாக வைத்துக்கொண்டதாக அவரே முன்னுரையில் சொல்கிறார். யோசித்துப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய செல்வம்! பீத்தோவனின் வீட்டில் பாக் எப்படி ஒலித்தார் என்பதற்கு அது ஒரு சாட்சி. செர்னியை இகழ்ந்து பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். பியானோ வாங்கிய ஆயிரக்கணக்கான வீடுகளில், கிட்டத்தில் ஆசிரியர் யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பதிப்புதான் ஆசிரியர்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாக்கின் சுரமும் செர்னியின் குறியும் ஒரே மையில், ஒரே அளவில், ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தன. எது யாருடையது என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. புறநானூற்றுப் பாட்டையும் உரையையும் பிரிக்காமல் ஒரே பத்தியாக அச்சடித்தால் எப்படி இருக்கும்? அப்படி.

நானே அதில் மாட்டியவன். சிறுவயதில் எனக்குக் கிடைத்தது ஜெராக்ஸ் எடுத்த ஜெராக்ஸ். அட்டை இல்லை, முன்னுரை இல்லை, பதிப்பித்தவர் பெயர் இல்லை. அதில் இருந்த, சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் ஒவ்வொரு வளைகோட்டையும் ஒவ்வொரு ‘மெதுவாக’வையும் பாக்கின் கட்டளையாக எடுத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் வாசித்தேன். ஒருநாள் கைப்பிரதியின் படத்தைப் பார்க்க நேர்ந்தது. சுரங்களைத் தவிர ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நான் அவ்வளவு பயபக்தியோடு கட்டுப்பட்டிருந்தது யாருக்கு என்றே தெரியாமல் போயிற்று. அந்தக் கணத்தில் வந்தது கோபமா நிம்மதியா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்றைய பிள்ளைகள் ஜெராக்ஸ் தேடி அலைவதில்லை, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்கிறார்கள். ஆனால் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி காப்புரிமை முடிந்த பழைய பதிப்புகள், அதாவது மேலே சொன்ன வகை. ஆய்வு செய்து புதிதாகத் தயாரித்த பதிப்புகளுக்குக் காப்புரிமை இருக்கிறது. ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஆய்வுப் பதிப்புகளுக்கென்றே 25 ஆண்டுக் காப்பு உண்டு. அவற்றை விலை கொடுத்து, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத்தான் வாங்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளின் காதில் 19ஆம் நூற்றாண்டுப் பாக் இன்னும் உயிரோடிருப்பதற்கு இந்தப் பணக் கணக்கும் ஒரு காரணம்.

பாக்கின் மையையும் பதிப்பாசிரியரின் மையையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் ஜெர்மனியில் வலுப்பட்டது. பெர்லின் கலைக் கழகம் 1895 முதல் ‘ஊர்டெக்ஸ்ட்’ என்ற பெயரில் ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. சொல்லுக்குச் சொல் மூலபாடம் என்றே பொருள். 1948இல் குன்டர் ஹென்லே தொடங்கிய பதிப்பகத்தின் நீல அட்டைப் புத்தகங்கள் அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. இப்படிப்பட்ட புத்தகம் கையில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். பதிப்பாசிரியர் சேர்த்த குறி அடைப்புக்குள்ளோ சிறிய எழுத்திலோ இருக்கும். அவர் சேர்த்த வளைகோடு புள்ளிக்கோடாக இருக்கும். புத்தகத்தின் கடைசியில் பொடி எழுத்தில் சில பக்கங்கள் வரும்: எந்தப் பாரில் எந்தப் பிரதி என்ன சொல்கிறது, எதை ஏன் எடுத்துக்கொண்டோம் என்ற கணக்கு. மாணவர்கள் புரட்டாமலே விடுகிற பக்கங்கள் அவை. எனக்கு மொத்தப் புத்தகத்திலும் சுவையான பகுதி அதுதான்.

ஆனால் ஊர்டெக்ஸ்ட் என்று அட்டையில் போட்டுவிட்டால் கதை முடிந்ததாகவும் நினைத்துவிடக் கூடாது. மூலம் ஒன்றாக இருந்தால்தானே மூலபாடம் ஒன்றாக இருக்கும்! இதே சி மேஜர் பிரிலூட், பாக் தன் மூத்த மகனுக்காகத் தொடங்கிய அந்த நோட்டுப் புத்தகத்தில் இன்னும் குட்டையான வடிவத்தில் இருக்கிறது. பாக்கே பிறகு அதை வளர்த்திருக்கிறார். பார் சேர்த்தது தப்பு என்று ஷ்வென்க்கேவைச் சொல்லும்போது, இதே பிரிலூட்டில் பாக்கும் பார் சேர்த்திருக்கிறார் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

பீத்தோவனிடம் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ‘ஹாமர்கிளாவியர்’ என்று பெயர்பெற்ற ஓபஸ் 106 சொனாட்டா, லண்டனில் அச்சாவதற்குத் தயாராக இருந்தது. 1819இல் அங்கிருந்த தன் பழைய மாணவர் ரீஸுக்கு அவர் கடிதம் எழுதினார்: மெதுவான பகுதியின் தொடக்கத்தில் இரண்டே சுரங்கள் கொண்ட ஒரு பாரைச் சேர்க்க வேண்டும். அவ்வளவு பெரிய படைப்பு, முடித்து அனுப்பி எவ்வளவோ நாளாயிற்று, இப்போது இரண்டு சுரத்துக்காகக் கடிதமா? குருவுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்றே முதலில் தோன்றியதாக ரீஸ் பின்னாளில் எழுதினார். வாசித்துப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு சுரத்தின் கனம் அவருக்குப் புரிந்தது. இன்று அந்த இரண்டு சுரம் இல்லாமல் அந்தப் பகுதியை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அதே சொனாட்டாவின் முதல் பகுதியில் ஓரிடத்தில் ஏ நேச்சுரலா (சுரம் இயல்பான இடத்தில்) ஏ ஷார்ப்பா (அரைச்சுரம் மேலே) என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பீத்தோவனின் கைப்பிரதி தொலைந்துபோயிற்று. அச்சில் இருப்பது ஷார்ப். நேச்சுரல் குறி போட மறந்துவிட்டார் என்கிறார்கள் ஒரு சாரார், மறந்ததுதான் என்றாலும் அந்த விநோத ஓசையே மேதைமை என்கிறார்கள் மற்றொரு சாரார். வாசிக்கிறவர் மேடையில் இரண்டையும் வாசிக்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

ஐந்தாம் சிம்பனியின் கதை இதற்கு நேர் எதிர். அதன் மூன்றாம் பகுதியில் இரண்டு பார் வீணாகச் சேர்ந்து அச்சாகிவிட்டது. ஒரு பகுதியை மறுபடி வாசிப்பதற்காக எழுதி, பின்பு கைவிட்ட ஏற்பாட்டின் எச்சம் அது. அதை எடுத்துவிடும்படி 1810இல் பீத்தோவனே பதிப்பகத்துக்கு எழுதினார். எடுக்கவில்லை. அவர் 1827இல் இறந்தார். 1846 வரை அந்தக் கடிதம் வெளியே வரவில்லை. எழுதியவரே வேண்டாம் என்று கைப்பட எழுதிக் கொடுத்த பின்னும் இரண்டு பார்கள் 36 ஆண்டு ஒலித்துக்கொண்டிருந்தன. இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். பின்னாளில் அவர் காது ஏறக்குறைய முழுக்க அடைத்துவிட்டது, அதற்குப் பிறகு அந்தத் தவறை அவரால் கேட்டுக்கூடக் கண்டிக்க முடிந்திருக்காது.

ஷோப்பனின் படைப்புகள் பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து என மூன்று நாடுகளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளிவந்தன. எல்லைகளைக் கடந்து செல்லும் காப்புரிமை அன்று இல்லை, அதனால் அந்த ஏற்பாடு. மூன்றும் முழுக்க ஒன்றல்ல. அச்சுப்படியைத் திருத்தும்போதே மாற்றுகிற பழக்கம் அவருக்கு இருந்தது. அத்தோடு நிற்கவில்லை. மாணவிகளின் புத்தகங்களில் பாடம் நடக்கும்போதே பென்சிலால் திருத்தினார். சி மைனர் பிரிலூட், ஓபஸ் 28இல் 20ஆவது, பதின்மூன்றே பார் உள்ள சின்ன உருப்படி. அதில் மூன்றாம் பாரின் கடைசிக் கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்) இ நேச்சுரலா இ ஃபிளாட்டா (அரைச்சுரம் கீழே)? அவருடைய மாணவி ஜேன் ஸ்டெர்லிங்கின் பிரதியில் பென்சிலால் ஒரு ஃபிளாட் இருக்கிறது. ஒரு கார்டில் ஒரு சுரம், அதற்குள் அந்த பார் அழுது முடிகிறதா, சற்றே வெளிச்சம் காட்டி முடிகிறதா என்பதே மாறிவிடுகிறது. நான் ஃபிளாட் வைத்து வாசிக்கிறவன். பென்சில் குறி அச்சுக்குப் பிறகு வந்தது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

நம் கர்நாடக சங்கீதத்தில் இதற்குப் பாடாந்தரம் என்று ஒரு மரியாதையான இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். ஒரே கீர்த்தனை இரண்டு பரம்பரையில் இரண்டு விதமாக வரும், பாடுகிறவர் எங்கள் குருவின் பாடாந்தரம் இப்படி என்று சொல்லிவிடுவார். மூலம் எது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. ஆனால் யார் கைவழி வந்தது என்பது ஒளிவில்லாமல் தெரிந்துவிடுகிறது. அச்சுத் தாள் மறைத்தது அந்தக் கைவழியைத்தான். நல்ல பதிப்பு அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

பாடம் தீர்ந்த பிறகும் வாசிப்பு தீர்வதில்லை. பீத்தோவன் ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதியை ‘சென்சா சொர்தினோ’ என்று வாசிக்கச் சொல்கிறார். தந்திகளின் மேல் படிந்து ஒலியை அடக்கும் டாம்பர்களைத் தூக்கியபடியே வாசி என்று பொருள். இதில் பாடபேதம் எதுவும் இல்லை, குறி பீத்தோவனுடையதுதான். ஆனால் 1801இல் அவர் வாசித்த வியன்னா பியானோவில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்றைய பெரிய பியானோவில் அப்படியே செய்தால் ஒரு கார்டு அடங்குவதற்குள் அடுத்தது வந்து எல்லாம் கலங்கிச் சேறாகிவிடும். எழுத்துக்குக் கட்டுப்பட்டால் ஓசை கெடுகிறது, ஓசையைக் காப்பாற்றினால் எழுத்தை மீற வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது பழைய அப்ரைட் பியானோ. கடற்கரைக்குப் பக்கம் என்பதால் உப்புக் காற்றில் கீழ்த் தந்திகள் துருவேறி, ஒலி நீளமாக நிற்பதில்லை. அதில் மட்டும் பெடலைப் பாதிக்குப் பாதி அழுத்தி வைத்து வாசித்தால், பீத்தோவன் சொன்னதற்கு வெகு அருகே போக முடிகிறது. வேறு ஊரில், நல்ல பியானோவில் வாசிக்கப் போகும்போது காலைத் திருப்பிப் பழக்க வேண்டும்.

இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் கண்டிப்பு ஒன்றுதான். தாளை மட்டும் பிரிண்ட் எடுத்து வரக் கூடாது, அட்டையும் முன்னுரையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். பதிப்பித்தவர் யார், எந்த ஆண்டு என்று மேல் ஓரத்தில் எழுத வேண்டும். பாக் என்றால் பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கும் கைப்பிரதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். போனில் பெரிதாக்கி, அதில் இல்லாத குறிகளையெல்லாம் தங்கள் தாளில் பென்சிலால் மெல்லச் சுழிக்கச் சொல்கிறேன். அழிக்கச் சொல்வதில்லை. சுழித்த குறிகளில் வேண்டியதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏன் என்று காது சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகூட இந்த வேலையை ஆசையாகச் செய்கிறது. பாக்கின் கையெழுத்தில் சுரங்களைச் சேர்க்கும் கோடுகள் அலைபோல வளைந்து போவதைப் பார்த்துவிட்டு ஒரு பையன், “இதை நேர்கோடா வாசிக்கக் கூடாது போல மாஸ்டர்” என்றான். எந்தப் பதிப்பாசிரியரும் அவனுக்கு அதைச் சொல்லியிருக்க முடியாது.

கல்யாணத்தில் தடுமாறிய பெண் அன்றைக்குக் கேட்ட கேள்வி வேறு. “அப்ப ஆவே மரியாவுல அந்தப் பாரை எடுத்துடலாமா மாஸ்டர்? பாக் எழுதலையே.”

எடுக்க முடியாது. குனோவின் மெட்டு அந்தப் பாரின் மேலும் ஏறி நடக்கிறது. அதை உருவினால் குரலுக்குக் காலடியில் தரை இருக்காது. பாக்கின் பிரிலூட்டில் இடைச்செருகலாக இருப்பது, குனோவின் பாட்டில் மூலபாடம்.

அவள் தன் பாக் தாளில் 22க்கும் 23க்கும் நடுவே பென்சிலால் ஒரு சின்ன அடைப்புக்குறி போட்டு, மேலே ‘கல்யாணத்துக்கு மட்டும்’ என்று எழுதிக்கொண்டாள். அடுத்த முகூர்த்தம் வைகாசியில். பாடப்போவது அதே அக்காதான்.